தலை போன ஆறு

அத்தியாயம் 4

"செத்தவன் முத்திரை குத்தமாட்டான்னு நினைச்சோம் பாருங்கண்ணே, அங்கதான் தப்பு பண்ணிட்டோம்" என்றான் மோசுகே. "ஜம்முன்னு குத்தியிருக்கான். என்னோடதைவிட அழகா இருக்கு."

இசாகு பத்திரத்தின் நகலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, இடிந்த சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானின் எடோ நகரத்தில் துப்புத் துலக்குகிற அவருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. ஒரு காவல் அதிகாரி கொடுத்த இரும்புக் கோல் ஒன்று இடுப்பில் உண்டு, எல்லோர் மேலும் சந்தேகம் உண்டு, அவ்வளவுதான். மோசுகே அவரிடம் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் சீப்பு விற்றவன். சீப்பு விற்ற வாய் இன்னும் மூடவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒகினு. கசாயா படக்கடையின் முதலாளியம்மா, முப்பத்திரண்டு வயது விதவை. புருஷன் ஷின்பச்சி போய் மூன்று வருஷம். அவன் விட்டுப்போனது ஒரே ஒரு சொத்து. 'பன்னிரண்டு மாதம்' என்ற படவரிசையைச் செதுக்கிய செர்ரிமர அச்சுப் பலகைகள். பனி தள்ளும் கூலிக்காரன், சிப்பி பொறுக்கும் பெண்கள், ஏழாம் மாதக் கிணறு தூர்வாரல், வருஷக் கடைசி ஒட்டடை அடிப்பு என்று மாதத்துக்கு ஒரு படம். அந்தந்த மாதம் வந்தால் அந்தந்தப் படத்தை அச்சடித்து விற்பாள். கடை ஓடியது அதில்தான்.

இப்போது எதிர்வரிசை நோதோயா கடைக்காரன் ஜின்பெய், 'அந்தப் பலகைகளை உன் புருஷன் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்' என்று பத்திரத்தோடு வந்து நிற்கிறான். முத்திரை ஷின்பச்சியுடையதேதான். தேதி, மூன்று வருஷம் முந்தைய எட்டாம் மாதம், முப்பதாம் நாள். இன்று மத்தியானம் பதிப்பாளர் சங்கத்தில் விசாரணை. தீர்ப்பு அவன் பக்கம் போனால், சாயங்காலம் கைவண்டி வந்துவிடும்.

"மூணு வருஷமா ஏன் வாயைத் திறக்கலையாம்?" என்று கேட்டார் இசாகு.

"துக்க வீடுன்னு விட்டு வெச்சானாம். எனக்குச் செஞ்ச உபகாரமாம்."

"அடேயப்பா, கோயில்ல சிலை வெக்கலாம்" என்றான் மோசுகே.

"பலகை செதுக்கி முடிஞ்சதே எட்டாம் மாசம்தானே?" என்றார் இசாகு.

"ஆமா. அப்ப அவரு ஊர்லயே இல்ல. நெஞ்சுச்சளிக்கு ஹகோனே வெந்நீர் ஊத்துக்குப் போயிருந்தாரு. இருபத்தொம்பதாம் தேதி சாயங்காலம் பல்லக்குல வந்து இறங்கினாரு. கஞ்சி குடிச்சாரு, படுத்தாரு. விடிஞ்சு பார்த்தா பேச்சு இல்ல. ஒன்பதாம் மாசம் முதல் தேதி விழுந்தவரு, மூணாம் தேதி போயிட்டாரு."

"இருபத்தொம்பது ராத்திரி படுத்தவரு, விடிஞ்சா ஒண்ணாம் தேதியா?"

ஒகினுவின் முகம் சுருங்கியது. "அதைத்தான் ஜின்பெய் கேக்குறான் ஐயா. 'நடுவுல முப்பதுன்னு ஒரு நாள் இருக்குல்ல, அன்னைக்கு உன் புருஷன் நடந்து என் வீட்டுக்கு வந்தான், நீ அழுத அழுகையில அந்த நாளையே மறந்துட்டே'ங்குறான். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன். மறுநாள் காலையிலதான் விழுந்தாருன்னு மனசு சொல்லுது. ஆனா மூணு வருஷமாச்சே! நிஜமாவே ஒரு நாளைத் தொலைச்சிட்டேனா? எனக்குத் தெரியாம எழுந்து போயி, எனக்குத் தெரியாம எழுதிக் கொடுத்துட்டு வந்து படுத்தாரா?" அவள் குரல் உடைந்தது. "பலகை போனாக்கூட எப்படியாவது பிழைச்சுக்குவேன். அவரு கடைசி நாள்ல என்னை ஏமாத்தினாருன்னு ஆயிட்டா நான் எப்படி ஐயா இருப்பேன்?"

கதவு நகர்ந்தது. கடையின் தலைமைக் கணக்கன் வாஹெய் தேநீர் கொண்டுவந்தான். நாற்பதை நெருங்கும் அமைதியான ஆள். பதினைந்து வருஷமாக இதே கடை. "அம்மா, கவலைப்படாதீங்க. எது போனாலும் நான் இருக்கேன்" என்றான் மெதுவாக. மோசுகே மரியாதையாகக் கோப்பையை வாங்கிக்கொண்டான். இசாகு மட்டும் அவன் காலடிச் சத்தம் கடைப்பக்கம் போய் அடங்கும்வரை காத்திருந்தார். அவர் அப்படித்தான். பூனை வந்து போனாலும் காத்திருப்பார்.

பிறகு கேட்டார். "அந்த வருஷம் எட்டாம் மாசம் பெரிய மாசமா, சின்ன மாசமா?"

மோசுகே விழித்தான். முப்பது நாள் உள்ளது பெரிய மாதம், இருபத்தொன்பதோடு முடிவது சின்ன மாதம். எது பெரிசு, எது சின்னது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். இந்த வருஷத்துக் கணக்கே அவனுக்குத் தகராறு. மூன்று வருஷம் முந்தையதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? பழைய பஞ்சாங்கமெல்லாம் ஊர் முழுக்கக் கதவு ஓட்டையில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஒகினு எழுந்து அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். "எங்க வீட்டுலயே இருக்கு."

ஒரு சின்னப் படம். குளித்துவிட்டு வந்த பெண் ஒருத்தி, பூந்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கால்நகம் வெட்டுகிறாள். பஞ்சாங்கம் அச்சிட அரசாங்க உரிமை வேண்டும். உரிமை இல்லாத ரசிகர்கள் மாதக் கணக்கை இப்படிப் படத்துக்குள் ஒளித்து, புத்தாண்டுக்கு நண்பர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். அவள் சீப்பில் 'பெரிது' என்ற எழுத்து. இடுப்புப் பட்டையில் பூவேலை மாதிரி, சீன எழுத்தில், பெரிய மாதங்களின் எண்கள்.

"மூக்கு உங்க மூக்காட்டம் இருக்கே" என்றான் மோசுகே.

"நான்தான். அந்த வருஷப் புத்தாண்டுக்கு எங்க வீட்டுக்காரரு ஓவியர்கிட்ட என்னையே வரையச் சொன்னாரு. வேற பொண்ணுன்னா அவளுக்குக் காசு குடுக்கணுமாம்." கலக்கத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்து போனது.

மோசுகே பட்டையின்மேல் விரல் ஓட்டினான். "ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஒன்பது, பதினொண்ணு. எட்டு இல்ல! எட்டாம் மாசம் சின்ன மாசம்! முப்பதாம் தேதியே கிடையாது! ஜின்பெய் மாட்டினான்ண்ணே. எழுந்திரிங்க, போயி அவன் மூஞ்சியில ஒட்டிட்டு வருவோம்."

ஒகினு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இசாகு மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஜின்பெய் மடையனா?" என்றார்.

"அயோக்கியன். மடையன் இல்ல."

"அவனுக்கு அந்த ஒரு நாள்தான் வேணும். அதுக்கு முந்தி ஷின்பச்சி ஊர்ல இல்ல, அதுக்கு அப்புறம் நினைவு இல்ல. அப்படிப்பட்ட நாளு இருந்துச்சா இல்லையான்னு பார்க்காமயா எழுதுவான்? எதையோ பார்த்திருக்கான். எதைப் பார்த்தான்?"

அவர் படத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். ஆறாம் எண்மேல் நகத்தை வைத்தார். "இங்க பாரு. எழுத்தைச் சுத்தி முடி மாதிரி ஒரு கட்டம். பலகையில இந்த இடத்தை மட்டும் தோண்டி, வேற துண்டு வெச்சு அடைச்சிருக்காங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே. என் வேட்டியில இல்லாத ஒட்டா?"

"ஒகினும்மா, இந்தப் படம் பூச்சி அரிச்சுப் போச்சு. யார் கேட்டாலும் அதான் பதில்."

"வாஹெய் கேட்டாலுமா?"

"மோசுகே கேட்டாலும்" என்றார் இசாகு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு.

*

கசாயாவுக்குப் பலகை வெட்டும் செதுக்குக்காரர் தோமெகிச்சியின் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஒரு பெண்ணின் நெற்றி மயிரை இழை இழையாகப் பலகையில் எடுத்துக்கொண்டிருந்தவர், படத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டார். கை லேசாக நடுங்கியது. மோசுகே அதைக் குறித்துக்கொண்டான். இவன்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டான்.

"இந்த ஒட்டு யாரு வேலை?" என்றார் இசாகு.

"என்னோடதுதான்."

"எதுக்கு வெச்சே?"

தோமெகிச்சி மோசுகேவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனது.

"மோசுகே, தெருமுனையில சுட்ட சர்க்கரைவள்ளி விக்கிறான். மூணு வாங்கிட்டு வா."

"முக்கியமான இடம் வந்தா மட்டும் உங்களுக்குப் பசிக்கும்" என்று முனகிக்கொண்டே போனான். போனதைவிட வேகமாகத் திரும்பினான். கதவுக்கு வெளியே காதை வைத்தபோது கடைசித் துண்டு மட்டும்தான் கிடைத்தது.

"...அஞ்சு தாள்தான். வெறும் கறுப்பு. எஜமானரு சொன்னாரு, 'இது நமக்குள்ளயே இருக்கட்டும், உன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியவேண்டாம்'னு."

உள்ளே போனால், அந்த மனுஷர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இசாகு கிழங்கை வாங்கித் தோலை உரித்தார்.

"மத்தியானம் சங்கத்துக்கு வந்துடு."

"எல்லாரு முன்னாலயும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

வெளியே வந்ததும் மோசுகே அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இவனைக் கட்டி இழுத்துட்டுப் போகாம விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறீங்களே! கை நடுங்குது, கண்ணு கலங்குது, இன்னும் என்னண்ணே வேணும்?"

"கிழங்கு நல்லா வெந்திருக்கு" என்றார் இசாகு.

*

சங்கக் கூட்டம் ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில். பதிப்பாளர்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த மாதப் பொறுப்பாளர், காது சற்று மந்தமான ஒரு கனத்த மனிதர். பொறுப்பு மாதாமாதம் கைமாறும். இந்த வழக்கு தன் மாதத்தில் வந்து தொலைத்ததே என்ற எரிச்சல் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஜின்பெய் விசிறியை மடக்கி விரித்துக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசினான். ஒகினுவுக்கு வயிற்றுப் பிழைப்புக்குத் தன் கடையிலேயே வேலை தருவதாகக்கூடச் சொன்னான். மோசுகேவுக்குக் கை பரபரத்தது. ஒகினுவின் பின்னால் வாஹெய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கடைசியில், கதவோரம், தோமெகிச்சி.

"ஒரே கேள்வி" என்றார் இசாகு. "அந்த வருஷம் எட்டாம் மாசத்துக்கு முப்பதாம் தேதி உண்டா?"

"உண்டே!" ஜின்பெய் சிரித்தான். "பஞ்சாங்கம் பாருங்களேன்."

"அதுதான் கிடைக்கலை. கசாயாவுல ஒரு படம் இருந்துச்சாம். பூச்சி அரிச்சுப் போச்சு. அதனால விசாரணையை அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

"அடுத்த மாசமா?" பொறுப்பாளர் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம். "நல்ல யோசனை."

ஜின்பெய்யின் விசிறி நின்றது. அவன் கண் ஒகினுவைத் தாண்டிப் பின்பக்கம் போய்த் திரும்பியது. பிறகு வாஹெய் தொண்டையைச் செருமினான்.

"என்கிட்ட... அந்த வருஷத்துப் படம் ஒண்ணு இருக்கும்னு நினைக்கிறேன். என் அறையில. அம்மாவுக்கு எதிரா இருந்தாலும், உண்மைன்னு ஒண்ணு இருக்கே."

"மகராசன்! மோசுகே, கூடப் போ" என்றார் இசாகு.

மோசுகே கூடப் போனான். வாஹெய்யின் அறையில் படுக்கையைத் தவிர ஒன்றும் கிடையாது. தலைமாட்டுப் பெட்டியில் பட்டுத் துணி. அதற்குள் தடித்த காகிதத்தில் ஒட்டிப் பத்திரப்படுத்திய படம். அதே பெண், அதே பூந்தொட்டி, அதே கால்நகம். மோசுகே எட்டிப் பார்த்தான். வழியெல்லாம் பேசாமலே வந்தான். அவன் பேசாமல் இத்தனை தூரம் நடந்தது அன்றைக்குத்தான்.

பொறுப்பாளர் படத்தை வாங்கிப் பட்டையின் எண்களை உரக்கப் படித்தார். "ரெண்டு. மூணு. அஞ்சு. எட்டு. ஒன்பது. பதினொண்ணு." நிமிர்ந்தார். "எட்டு இருக்கு. பெரிய மாசம். முப்பதாம் தேதி உண்டு."

ஒகினு திடுக்கிட்டு இசாகுவைப் பார்த்தாள். காலையில் அதே இடத்தில் ஆறு என்று படித்தவன் மோசுகேதான். ஒரே படம் இரண்டு கணக்குச் சொல்லுமா? ஜின்பெய் விசிறியை மறுபடி விரித்தான்.

"ஐயா, அந்தப் படத்துல ஏன் கலர் இல்ல?" என்றார் இசாகு.

பொறுப்பாளர் திருப்பிப் பார்த்தார். தொழில்காரர். "சோதனைத் தாள். கலர்ப் பலகை வெட்டுறதுக்கு முந்தி எடுக்கிறது."

இசாகு மடியிலிருந்து ஒகினுவின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வண்ணம் பூத்து நின்றது அது. "பூச்சி அரிச்ச படம். மன்னிக்கணும், பூச்சி நான்தான். தோமெகிச்சி, வா. சொல்லு."

செதுக்குக்காரர் முழங்காலாலேயே நகர்ந்து முன்னால் வந்தார்.

"ஆறுன்னு எழுதி, மேல இருக்கிற புள்ளியையும் கோட்டையும் எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது எட்டு. அந்த எழுத்தை முடிக்கிறப்ப... தும்மிட்டேன். எழுத்தோட தலை தெறிச்சுப் போச்சு. நான் கவனிக்கலை. எண்ணிக்கையும் ஆறேதான், வரிசையும் சரியா இருந்துச்சு, யாரு கண்ணுலயும் படலை. அஞ்சு சோதனைத் தாள் எடுத்தப்புறம் எஜமானரு பார்த்துட்டாரு. முப்பது வருஷத் தொழில்ல என் முத தப்பு. அவரு திட்டலை. 'ஒட்டு வெச்சுடு, வெளிய தெரியவேண்டாம்'னாரு. கலர்ல அடிச்சதெல்லாம் சரியான ஆறுதான். அந்த அஞ்சு தாளையும் எரிச்சுடச் சொல்லி..."

"யார்கிட்ட கொடுத்தாரு?"

"வாஹெய்கிட்ட. காரணம் சொல்லலை. என் மானத்துக்காக."

மாடியில் எழுந்த சலசலப்பு அடங்க நேரமாயிற்று.

"உங்க சங்கத்து ஏட்டைக் காலையிலயே பார்த்துட்டேன்" என்றார் இசாகு. "பொறுப்பு கைமாறுறது மாசக் கடைசி நாள்ல. அந்த வருஷம் எட்டாம் மாசப் பொறுப்பு கைமாறினது இருபத்தொம்பதாம் தேதி. பத்திரம் பொய்னு அதுவே போதும். ஆனா ஷின்பச்சியோட முத்திரைப் பெட்டியைத் திறந்த கை வீட்டுக்குள்ள இருக்கணுமே. எட்டாம் மாசத்துக்கு முப்பது நாள்னு சொல்ற பஞ்சாங்கம் உலகத்துலயே அஞ்சு தாள்தான் இருந்துச்சு. அதுல மிச்சம் யாருகிட்ட இருக்கோ, அவன்தான் ஜின்பெய்க்குத் தேதி கொடுத்தவன். தேடிப் போனா எரிச்சிருப்பான். அதான் அவனையே கொண்டுவர வெச்சேன்."

ஜின்பெய் எழப் பார்த்தான். மோசுகே ஏற்கெனவே அவன் ஆடையின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். "உட்காருங்க முதலாளி. முப்பதாம் தேதி வரட்டும், போகலாம்."

வாஹெய் ஓடவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலைத்தான் எரிச்சேன்" என்றான். "ஒண்ணை எரிக்க மனசு வரலை. அது அம்மா முகம்."

ஒகினு மெல்லத் திரும்பினாள். "போன வசந்தத்துல நீ என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டப்ப நான் என்ன சொன்னேன்?"

"'எனக்குக் கடை இருக்கு, அது போதும்'னு சொன்னீங்க."

"அதனால கடையை எடுத்துட்டே."

"கடை போயிட்டா உங்களுக்கு நான் மட்டும்தானே அம்மா இருப்பேன்" என்றான் அவன், அது ஏதோ நியாயம் போல. காலையில் கேட்ட அதே மெதுவான குரல். மோசுகேவுக்கு உடம்பு கூசியது. கயிற்றை எடுத்து இரண்டு பேரையும் கட்டினான். வாஹெய்யின் முடிச்சை மட்டும் ஒருமுறை கூடுதலாக இறுக்கினான்.

அவர்களைக் கீழே இறக்கிய பிறகும் ஒகினு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு படங்கள். அவள் இரண்டின் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இசாகு ஐயா. அப்ப அவரு வந்து படுத்த மறுநாள்..."

"மறுநாள்தான்மா. நடுவுல நாளே இல்ல. நீங்க எதையும் தொலைக்கலை."

அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. பெரிய குரலில், பத்துப் பதிப்பாளர்களும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்படி அழுதாள். மோசுகே மடியில் மிச்சமிருந்த ஆறிப்போன கிழங்கை எடுத்து அவள் பக்கம் தள்ளிவைத்தான்.

"அவரு என்கிட்ட எதையுமே மறைக்கலை" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இசாகு கதவோரம் பார்த்தார். தோமெகிச்சி இன்னும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணை மறைச்சாரும்மா" என்றார். "இவரோட தும்மலை."